ஆபீஸுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று: பள்ளிக்கு எந்த சாஃப்ட்வேர் எடுப்பது?

பள்ளிக்கு ஒரு சாஃப்ட்வேர் போடப்போகிறோம், எது நல்லது என்று யாராவது கேட்டால், ஆபீஸுக்கா வகுப்புக்கா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் "ரெண்டுக்கும்தான்" என்று பதில் வரும். விற்க வருகிறவர்களும் அதையே சொல்வார்கள்: சேர்க்கை, கட்டணம், வருகை, மதிப்பெண், வீட்டுப்பாடம், ஆன்லைன் தேர்வு, பஸ், நூலகம், எல்லாம் ஒரே ஆப்பில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வேலைகளின் குணமே வேறு. ஆபீஸில் இருக்கும் விவரம் அளவில் சின்னது, ஆனால் ஒவ்வொன்றும் சரியாக இருந்தாக வேண்டும், இருபது வருடம் கழித்து ஒரு பழைய மாணவர் வந்து சான்றிதழ் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வகுப்பில் சேர்வது அப்படியில்லை. கட்டுரை, படம், வீடியோ, பாதியில் நின்ற பயிற்சி, ஆசிரியர் எழுதிய குறிப்பு என்று குவிந்துகொண்டே போகும், அடுத்த வருடம் அதில் முக்கால்வாசியை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே தப்பு நடக்கவே கூடாது, இங்கே தப்பு நடந்தால்தான் பிள்ளை படிக்கிறது என்று அர்த்தம்.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகத்துக்கு ஒன்று, பாடத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டுக்கும் நடுவே மாணவர் பட்டியலும் வகுப்புப் பிரிவும் மட்டும் போய்வந்தால் போதும். அதற்கென்றே ஒன்ரோஸ்டர் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் வருடத் தொடக்கத்தில் ஒரு சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பை, இங்கிருந்து எடுத்து அங்கே ஏற்றினால் முடிந்தது. எல்லாம் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக சுமாரான கட்டண முறையையும் அதைவிட சுமாரான தேர்வு முறையையும் சேர்த்து வாங்கி மாட்டிக்கொள்ளும் பள்ளிகள்தான் அதிகம்.

ஆபீஸ் பக்கம்: எக்செலில் தொடங்குவோம்

எக்செலைக் கேலி செய்வது சுலபம். ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு, மொத்தம் நூற்றைம்பது இருநூறு பிள்ளைகள், ஆபீஸில் ஒருவர் என்றால் எக்செலோ கூகுள் ஷீட்டோ தாராளமாகப் போதும், இதைவிடப் பெரிதாக எதுவும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கூகுள் ஷீட்டில் யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்ற வரலாறும் கிடைக்கிறது, சில விலை உயர்ந்த பேக்கேஜ்களில் அதுகூட இல்லை.

சரி, எங்கே கையைக் கடிக்கும்? பலரும் நினைப்பதுபோல் அளவு பெரிதாகும்போது மட்டுமல்ல. அளவால் வந்த வினைக்குப் பேர்போன உதாரணம் 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்தது; பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான், அது நிரம்பிப்போக கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போனது. பள்ளிக்கு அவ்வளவு வரிகள் வராது. பள்ளியில் எக்செல் உடைவது இரண்டாவது ஆள் உள்ளே வரும்போது. பிள்ளையின் பெயர் சேர்க்கைத் தாளில் ஒரு முறை, கட்டணத் தாளில் ஒரு முறை, ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண் தாளிலும் ஒரு முறை. பெற்றோர் வந்து எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னால் ஒரு தாளில் திருத்துவார்கள், மற்ற தாள்களில் பழைய பெயரே இருக்கும், வருடக் கடைசியில் சான்றிதழில் எது அச்சாகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இன்னொன்று, பெயர் இருக்கும் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிடுவது. மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நிற்க, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிடும். எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருப்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

அப்புறம் சிஎஸ்வி கோப்பை எக்செலில் அப்படியே திறந்தால் சேர்க்கை எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவை 5-2 என்று எழுதியிருந்தால் அது ஒரு தேதியாக மாறி நிற்கும். தமிழில் இருக்கும் பெயர்கள் பல சமயம் கட்டம்கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வரும், கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கிறது என்று எக்செலுக்குச் சொல்லாததால். இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. நாளைக்கு எந்தப் பெரிய சாஃப்ட்வேருக்கு மாறினாலும் உங்கள் தரவு இந்த வழியாகத்தான் போகப்போகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறாத ஒரு சேர்க்கை எண், எல்லாத் தாளிலும் அதே எண், பெயர் ஒரே ஒரு தாளில் மட்டும், மற்றதில் எல்லாம் எண்ணை வைத்துத் தேடி எடுப்பது. இந்த ஒழுங்கு இருந்தால் எக்செலே ரொம்ப நாள் ஓடும், இல்லாவிட்டால் எதை வாங்கினாலும் குப்பையைத்தான் அதில் கொட்டுவீர்கள்.

விலைக்கு வாங்கும் பேக்கேஜ்

பிள்ளைகள் நூற்றுக்கணக்கில், கட்டணம் தவணை தவணையாக, ஆபீஸில் மூன்று நான்கு பேர் என்றால் பேக்கேஜ் வேண்டும். மாதத்துக்கோ வருடத்துக்கோ, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கிளவுடில் வைத்து ஓட்டித் தருவார்கள். சர்வர், பேக்கப் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் டெமோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். டெமோவில் காட்டுவது எப்போதும் அந்த முகப்புத் திரைதான். வட்ட வட்டமாக வண்ணப் படங்கள், இன்றைய வருகை இத்தனை சதவீதம், வசூல் இவ்வளவு. அது தாளாளருக்கான படம். வேலை செய்யப்போவது ஆசிரியரும் ஆபீஸ் ஊழியரும்.

வருகைப் பதிவுத் திரையை வாங்கி, நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்புக்கு, உங்கள் பள்ளியில் இருப்பதிலேயே மலிவான போனில், சிக்னல் கெட்ட மூலையில் நின்று போட்டுப்பாருங்கள். நல்ல திரையில் எல்லோரும் வந்ததாகவே தொடங்கும், வராத மூன்று பேரைத் தொட்டுவிட்டுச் சேமித்தால் ஒரு நிமிடத்தில் முடியும். மோசமான திரையில் நாற்பது பெயரையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், நடுவில் நெட் போனால் முதலிலிருந்து. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாரக் கடைசியில் மொத்தமாக ஏற்றத் தொடங்கிவிடுவார்கள், திங்கட்கிழமை வராத பிள்ளையைப் பற்றி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மெசேஜ் போகும். எல்லோரும் வந்ததாகத் தொடங்கும் முறையிலும் ஒரு ஆபத்து உண்டு, பார்க்காமலே சேமித்துவிட்டுப் போகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். ஆனாலும் இரண்டில் அதுவே மேல். தாமதமாக வந்தவர், அரை நாள் போனவர், பள்ளி வேலையாக வெளியே போனவர் இவர்களுக்குத் தனிக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கட்டணம். ஒரு ரசீதைத் தப்பாகப் போடச் சொல்லுங்கள், அப்புறம் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ரசீதை அழிக்க முடிகிறது என்றால் அந்த சாஃப்ட்வேரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். ரசீது எண் வரிசையில் ஓட்டை விழக் கூடாது. தப்பான ரசீது ரத்து என்ற குறியோடு, யார் ரத்து செய்தார், எதற்கு என்ற காரணத்தோடு அப்படியே நிற்க வேண்டும், புதிய எண்ணில் சரியான ரசீது வர வேண்டும். பணம் வாங்குகிறவரே சலுகையும் கொடுக்க முடிகிற மாதிரி ஒரே லாகினில் அமைத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் பிரச்சினை வரும், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஆபீஸ் முழுவதும் "அட்மின்" என்ற ஒரே பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தால் வரலாற்றுப் பதிவு இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்னும் சிலவற்றையும் டெமோவிலேயே செய்துபார்க்க வேண்டும். வருட நடுவில் ஒரு பிள்ளை பிரிவு மாறினால் பழைய மதிப்பெண் கூடவே வருகிறதா? அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே பெற்றோர் எண் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறதா, ஒரே லாகினில் இரண்டு பிள்ளைகளும் தெரிகிறார்களா? குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களிடம் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார்கள், அந்தப் புள்ளி ஒருநாள் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் வெளியேறும் வழி. உள்ளே கூட்டிப்போக எல்லோரும் இருப்பார்கள், வெளியே வரும்போதுதான் தனியாக நிற்போம். இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கிய சிம்ஸ் என்ற நிர்வாக மென்பொருளை நடத்திய கம்பெனி, வருடாந்திர ஒப்பந்தத்தை மூன்று வருட ஒப்பந்தமாக மாற்றியது. வேறொன்றுக்கு மாற நினைத்த பள்ளிகளுக்கு அதற்கான நேரமே கிடைக்கவில்லை, 2022-இல் அந்நாட்டின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று, பிறகுதான் அப்படி மாட்டிக்கொண்ட பள்ளிகள் முன்கூட்டியே விலக விண்ணப்பிக்கலாம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அரசு அமைப்பு தலையிடும் அளவுக்கு விஷயம் போவது அபூர்வம். சாதாரணப் பள்ளிக்கு நடப்பது வேறு: "உங்க டேட்டா எப்ப வேணும்னாலும் தர்றோம் சார்" என்பார்கள், கேட்டால் ஆயிரம் பக்கம் பிடிஎஃப் வரும். பிடிஎஃபை வைத்துக்கொண்டு எதிலும் ஏற்ற முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன், டெமோ நடக்கும் அதே மேசையில், மாணவர் விவரம், கட்டண வரலாறு, மதிப்பெண், வருகை நான்கையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரச் சொல்லி, உங்கள் கணினியிலேயே திறந்துபாருங்கள். தயங்கினால் அதுவே பதில்.

தரவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பதும் சும்மா ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. வட அமெரிக்காவில் ஏராளமான பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில், வாடிக்கையாளர் உதவித் தளத்தின் திருடப்பட்ட ஒரு லாகின் வழியாகவே உள்ளே புகுந்து மாணவர், ஆசிரியர் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுவனம் பணம் கொடுத்தது, தரவை அழித்துவிட்டோம் என்று திருடர்கள் காட்டவும் செய்தார்கள், ஆனாலும் 2025 மே மாதத்தில் சில பள்ளி மாவட்டங்களுக்கு அதே தரவை வைத்து மிரட்டல் வந்தது. எனக்கு இதில் உறுத்தியது, எப்போதோ பள்ளியை விட்டுப் போனவர்களின் விவரங்களும் அதில் இருந்தன என்பது. பள்ளி கவனிக்க வேண்டியது இங்கேதான். ஒரு விவரத்தைக் கேட்க ஒரு கட்டம் இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள். பெற்றோரின் வருமானமும் பிள்ளையின் மருத்துவ வரலாறும் உண்மையிலேயே தேவைப்படாவிட்டால் காலியாகவே விடுங்கள், இல்லாததைத் திருட முடியாது.

இலவசம் என்றால் யார் பார்த்துக்கொள்வது?

ஓப்பன் சோர்ஸில், அதாவது மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் சாஃப்ட்வேர்களில், நிர்வாகத்துக்கு கிப்பன், ரொசாரியோசிஸ், ஓப்பன்சிஸ் என்று சில இருக்கின்றன. ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக சாஃப்ட்வேரின் குடும்பத்தில் ஃப்ராப்பே எஜுகேஷன் உண்டு. எல்லாவற்றையும் இறக்கி நிறுவிப் பார்க்கலாம், உரிமக் கட்டணம் இல்லை, தரவு உங்கள் சர்வரில், வெளியேறும் வழி எப்போதும் திறந்தே இருக்கும். ஆனால் கட்டண விதிகள், மதிப்பெண் சான்றிதழின் வடிவம் இதெல்லாம் உங்கள் பள்ளி வழக்கத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் கணினி ஆசிரியர்தான், கூடுதல் சம்பளம் இல்லாமல், பாட வேளை குறையாமல். அவர் வேறு பள்ளிக்குப் போகும் நாளில் சர்வர் பாஸ்வேர்டும், டொமைன் புதுப்பிக்கிற மெயிலும், ஓடிபி வருகிற போனும் அவரோடு போய்விடும். இரண்டு பேராவது உள்ளே போகத் தெரிந்தவர்களாக இல்லாவிட்டால் இந்த வழியைத் தொடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. தெரிந்தவர்கள் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது.

யாரையாவது வைத்து நாமே புதிதாக எழுதிவிடலாம் என்ற யோசனையும் ஒவ்வொரு நிர்வாகக் குழுவிலும் ஒருமுறை வரும், அதுவும் குழுவில் ஒருவருடைய பிள்ளை என்ஜினீயராக இருந்தால் கட்டாயம் வரும். வேண்டாம்.

வகுப்புப் பக்கம்

பாடம், வீட்டுப்பாடம், தேர்வு இவற்றை ஆன்லைனில் நடத்த உதவும் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் மூடிலுக்கும்தான் இங்கே உண்மையான போட்டி என்று எழுதுவார்கள், ஆனால் நடைமுறையில் இரண்டுமே போட்டி போடுவது வாட்ஸ்அப்போடு. வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து குரூப்பில் போடுவது, பிள்ளை எழுதியதைப் படம் பிடித்து அம்மா திருப்பி அனுப்புவது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பாஸ்வேர்ட் மறக்கவில்லை, பெற்றோர் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். இதைத் தோற்கடிக்க முடியாத எந்த முறையும் பள்ளியில் நிற்காது. அதன் குறை, யார் கொடுத்தார்கள் யார் கொடுக்கவில்லை என்று எண்ணவே முடியாது, எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ராத்திரி பத்து மணிக்கும் பெற்றோரின் சந்தேகம் ஆசிரியருக்கு மெசேஜாக வரும். அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப், அதுவும் ஆசிரியர் மட்டும் எழுதக்கூடிய குரூப் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கிளாஸ்ரூம் 2014-இல் வந்தது. ஆசிரியர் ஒரே மதியத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். ஒரு கூகுள் டாக் கோப்பைப் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் என்று தேர்ந்தெடுத்தால் முப்பது பேருக்கு முப்பது நகல் தானாக உருவாகும், பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் ஓரத்தில் குறிப்பு போடலாம், கொடுக்காதவர் பட்டியல் ஒரு பார்வையில் தெரியும். எழுத்துப் பயிற்சிக்கு, அதாவது மொழிப் பாடங்களுக்கு, நான் இதைத்தான் எடுப்பேன். தேர்வு என்று வந்தால் கூகுளின் கேள்விப் படிவமான ஃபார்ம்ஸை நம்ப வேண்டும். வருடாவருடம் வளர்ந்துகொண்டே போகிற கேள்வி வங்கி என்று ஒன்று அதில் இல்லை. இன்னொன்று, பிள்ளையின் வேலை பிள்ளையின் கணக்கிலேயே இருப்பதால், படிப்பு முடிந்ததும் கணக்கை நீக்கினால் எல்லாம் போகும். நீக்கும் முன் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். ஆளாளுக்குச் சொந்த ஜிமெயிலோடு வரச் சொல்லாமல், பள்ளியே கல்விக் கணக்குகளைத் திறந்து கொடுப்பதும் அவசியம், சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

மூடில் அதைவிட மூத்தது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002-இல் வந்தது, இன்றும் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இலவசம். முதல்முறை பார்க்கிற ஆசிரியருக்கு மிரட்டலாக இருக்கும், ஒரு பயிற்சியைப் போடப் போனால் அமைப்புகள் மட்டுமே பக்கம் பக்கமாக நீளும். ஆனால் அதன் வினாடி வினாப் பகுதிக்கு ஈடாக நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை. கேள்விகளைப் பாட வாரியாக, கடின வாரியாக வங்கியில் போட்டுவைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கேள்வி எடுத்துக் கொடுக்கும். கணக்குப் பாடத்தில் ஒரே கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் வேறு எண்கள் வரும்படி சூத்திரத்தோடு எழுதலாம், பக்கத்து இருக்கையில் எட்டிப்பார்த்தும் பயனில்லை. தப்பான விடைக்கு ஏன் தப்பு என்ற விளக்கத்தை அங்கேயே காட்டலாம். கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் இரண்டு வருடம் பொறுமையாகக் கேள்வி சேர்த்தால் அது பள்ளியின் சொத்தாகிவிடும், சாஃப்ட்வேரை விட மதிப்பானது அதுதான்.

விலை பராமரிப்பில் இருக்கிறது. மூடிலின் பின்னணி வேலைகளை நேரப்படி தானாக ஓட்டும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும், அது நின்றுபோனால் மெயில் போகாது, பல வேலைகள் தேங்கும், ஆனால் தளம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடில்டேட்டா கோப்புறையை விட்டால், திரும்ப ஏற்றும்போது பாடங்கள் இருக்கும், கோப்புகள் இருக்காது. இருநூறு பேர் சரியாக ஒரே நொடியில் தேர்வைத் திறந்தால் சின்ன சர்வர் படுத்துவிடும். பிரிவு பிரிவாகப் பத்து நிமிட இடைவெளியில் தொடங்குவதுதான் மலிவான மருந்து. கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளக்இன்களில் கண்ணில் படுவதை எல்லாம் போட்டுவைத்தால் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது ஏதாவது ஒன்று உடையும்.

மூடில் போன்ற கேன்வாஸும் நல்ல அமைப்பு, அதன் அடிப்படை மூலநிரலும் திறந்ததுதான். ஆனால் சொந்தமாக நிறுவி ஓட்டுவது மூடிலைவிடக் கடினம், பள்ளி அளவுக்கு அவசியமில்லை என்பேன். வாங்கிய நிர்வாகப் பேக்கேஜோடு இலவசமாக வரும் பாடப் பகுதியைப் பற்றிச் சொல்வதானால், பெரும்பாலானவற்றில் அது பிடிஎஃப் ஏற்றி வைக்கிற இடம், அவ்வளவுதான்.

எதை யார் எடுப்பது

சின்னப் பள்ளி என்றால் ஒழுங்கான ஷீட், கூடவே கிளாஸ்ரூம். நடுத்தரப் பள்ளிக்கு, வெளியேறும் வழியைச் சோதித்துப் பார்த்து வாங்கிய நிர்வாகப் பேக்கேஜ், வகுப்புக்கு கிளாஸ்ரூம், ஆர்வமுள்ள இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருந்தால் மேல் வகுப்புகளில் தேர்வுக்கு மட்டும் மூடில். சொந்தமாகத் தொழில்நுட்ப ஆட்கள் வைத்திருக்கிற பெரிய நிறுவனமோ, பல பள்ளிகள் சேர்ந்த குழுமமோ என்றால் ஓப்பன் சோர்ஸை எடுத்து எல்லாப் பள்ளிக்கும் ஒரே அமைப்பாக ஓட்டலாம், ஒரு பள்ளிக்கு ஆகிற செலவு கணிசமாகக் குறையும்.

மாறுவது என்று முடிவானால் கல்வியாண்டு தொடங்கும்போது மாறுங்கள், நடுவில் வேண்டாம். முதல் பருவத்தில் வருகையும் கட்டணமும் மட்டும், அது பழகியபின் மதிப்பெண். பழைய முறையையும் புதிய முறையையும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்து ஓட்டினால் இரட்டை வேலையில் ஆபீஸ் சலித்து, புதியதைத்தான் கைவிடும். பழைய வருடங்களின் பதிவேடுகளை எல்லாம் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள், அதையும் ஏற்றும் முன் அச்செடுத்து வகுப்பு வாரியாகப் பெற்றோரிடம் கொடுத்து, பெயர், பிறந்த தேதி, போன் எண் மூன்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பதிவேடுகள் அலமாரியிலேயே இருக்கட்டும், யாராவது வந்து கேட்டால் அந்த ஒருவருடைய விவரத்தை அன்றைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.